வண்டிக்கு வைத்தியம்

படிப்பும் பட்டமும் இல்லாமலே எல்லோரும் செய்யக்கூடியவை என்று நம் ஜனங்கள் தீர்மானித்து வைத்திருக்கும் தொழில்கள் இரண்டு. ஒன்று வைத்தியம், மற்றொன்று மோட்டார் ரிப்பேர். தலைவலி என்று நாலு பேர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஒருவர் சுக்கு என்பார். ஒருவர் மிளகு என்பார். மூன்றாமவர், தம்முடைய மைத்துனருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று தொடங்கி, மைத்துனருடைய பதினாறாம் நாள் காரியம் வரையில் விஸ்தரித்து விடுவார். அவ்வாறே சாலையோரத்தில் ஒரு வண்டியை நிறுத்தி அதன் முன்மூடியைத் தூக்கி வைத்துப் பாருங்கள். அது வரையில் ஈ காக்கை இல்லாதிருந்த இடத்தில் ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு சபை கூடிவிடும். "பில்ட்டர்" என்பார் ஒருவர். "பாட்டரி" என்பார் இன்னொருவர். "எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கவலை விட்டது!" என்பார் தாராள மனசுள்ள மூன்றாமவர். பணம் கொடுக்கப் போகிறவர் அவர் அல்ல அல்லவா?

இந்த மூன்றாமவருடைய அபிப்பிராயத்தைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். நோய் இன்னதென்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைத் தீர்ப்பது வேறொரு வேலை. இரண்டாவது வேலைக்கு நாம் கடன் வாங்கியாவது பணம் கொடுக்கிறோம். முதல் வேலைக்குக் காலணா கொடுப்பதென்றாலும் நமக்குக் கை வருவதில்லை. இதனால் எவ்வளவு நஷ்டம் விளைகிறது என்பதை ஒரு பழைய பிக்-அப் வண்டியின் சரித்திரத்தைக் கொண்டு நான் அறிந்து கொண்டேன்.

*

என் தம்பி திண்டுக்கல் ஜில்லாவில் நிலக்கோட்டைக்குச் சமீபமான ஒரு கிராமத்தில் மல்லிகை பயிரிடுகிறான். மல்லிகையைப் போல் மென்மையான புஷ்பம் இல்லை என்று கவிகள் சொல்லலாம். பயிரிடுகிறவனைக் கேட்டால், மல்லிகையைப் போல் இரக்கமில்லாத எஜமான் வேறில்லை என்பான். நெல்லை நாளைக்கு விற்கலாம். மிளகாயை அடுத்த மாதம் விற்கலாம். மல்லிகை மொட்டை விடிவதற்கு முன் பறிக்கத் தொடங்கி, அன்று காலையே சந்தையில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அது மலர்ந்துவிடும். மலர்ந்த மல்லிகை பார்க்க அழகாயிருக்கும்; வியாபாரி மட்டும் அதைப் பார்க்க மாட்டார்.

தம்பியிடம் ஒரு பழைய டீசல் பிக்-அப் இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தட்டு. ஏறக்குறைய ஒரு டன் பாரம் ஏற்றலாம். அது பிறந்து இருபது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. தம்பி அதற்கு மூன்றாவது சொந்தக்காரன். அவனுடைய பூவோடு, தெருவிலுள்ள இன்னும் ஆறு குடும்பங்களின் பூக்கூடைகளும் அதிலேதான் சந்தைக்குப் போய்க் கொண்டிருந்தன. ஆகவே அந்த எஞ்சினை நம்பி அடுப்பு மூட்டிய வீடுகள் ஏழு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். பூ கொட்டுகிற காலம். அதனாலேயே விலை சரிகிற காலம். அந்தச் சமயம் பார்த்து வண்டிக்கு வியாதி கண்டது. காலையில் லேசில் கிளம்பாது. கிளம்பினாலும் நாலு பக்கமும் வெண்புகையைப் பரப்பி, இருமிக் கொண்டே நிற்கும். ஊருக்கு ஒரு மைல் தூரத்தில் கண்மாய்க்கரை மேடு ஒன்று உண்டு. அதில் ஏறும்போது பலமெல்லாம் இழந்து, பாதி மேட்டில் மூச்சை விட்டுவிடும். கால் மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தால், ஒன்றும் நடவாதது போல் மறுபடி கிளம்பும். ஒரு வாரத்தில் மூன்று நாள் பூ நேரங்கழித்துப் போயிற்று. ஏழு வீடுகளிலும் முகங்கள் வாட ஆரம்பித்தன.

பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய பட்டறை. அங்கே வண்டியைக் கொண்டு போனான். அங்கிருந்தவர் புகையைப் பார்த்தார், எஞ்சினை ஒரு தடவை ஓட்டிக் கேட்டார், தீர்ப்புச் சொன்னார். "ரிங் போய்விட்டது. எஞ்சினை இறக்கி, போர் செய்து, புது பிஸ்டன் போட வேண்டும். 80,000 ரூபாய் ஆகும். பத்து நாள் பிடிக்கும்." சித்திரை மாதத்தில் பத்து நாள்! அவ்வளவு பணத்துக்குத் தம்பியின் வீட்டில் இருந்த ஒரே ஆதாரம் அவன் மனைவியின் கழுத்தில் இருந்தது. பழைய இரும்பு வாங்கும் தரகர் ஒருவரும், எப்படியோ செய்தி தெரிந்து, வாசலில் வந்து விசாரித்து விட்டுப் போனார். நோயாளி இருக்கும்போதே பாடை கட்டுகிறவன் வந்து அளவெடுத்தது போலிருந்தது.

அந்த வாரத்தில்தான் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

*

மேலே நடந்ததைச் சொல்லுமுன், டீசல் எஞ்சினுடைய ஜீவநாடி எது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். யந்திர சாஸ்திரம் என்று நேயர்கள் பயப்பட வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லோரும் இதில் பாதியை அறிந்தவர்களே. பத்துத் தடவை அடித்த பிறகு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. காற்றை அமுக்கினால் உஷ்ணம் உண்டாகிறது, அவ்வளவுதான் ரகசியம்.

பெட்ரோல் எஞ்சினில் நெருப்புப் பற்ற வைப்பதற்கு ஒரு மின்சாரப் பொறி வேண்டும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அதற்குள் பிஸ்டன் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அப்போது காற்றின் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போய்விடும். டீசல் எண்ணெய் தானாகப் பற்றிக் கொள்வதற்கு அதில் பாதிச் சூடே போதும். சரியான க்ஷணத்தில் இன்ஜெக்டர் என்னும் பீச்சுகருவி எண்ணெயைப் பனிப்புகை போல் உள்ளே தூவுகிறது. உடனே பற்றிக் கொள்கிறது, பிஸ்டன் கீழே உதைபடுகிறது, வண்டி நகர்கிறது.

இந்த யோசனைக்கு உரியவர் ரூடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சின் பரீட்சை பார்க்கப்பட்டபோது, எண்ணெயிலுள்ள சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிக் காட்டிற்று. அக்காலத்து நீராவி யந்திரங்கள் இதற்குக் கிட்டேயும் வர முடியவில்லை. 1900-ம் வருஷம் பாரிஸில் நடந்த கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெய் ஊற்றியே ஓட்டினார்கள் என்பது, கடலை விளைவிக்கும் நம்மவர்களுக்கு ரஸமான செய்தி. டீசல் 1913 செப்டம்பர் 29-ந்தேதி இரவு, இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது காணாமற் போனார். அவருடைய எஞ்சின் அப்போது மிகவும் பெரிய உருவம் உடையதாக இருந்தது. அதைச் சாலையில் ஓடும் வண்டிக்குள் அடக்குவதற்கு, எண்ணெயை அளந்து பீச்சும் ஒரு சிறு பம்பு தேவையாயிருந்தது. 1927-ல் ராபர்ட் பாஷ் என்பவருடைய தொழிற்சாலை அதை ஏராளமாகச் செய்து வெளியிட ஆரம்பித்தது. நம் தேசத்தில் 1951-ல் பெங்களூரில் ஏற்பட்ட மைக்கோ கம்பெனி அந்த வகைப் பம்புகளை இங்கேயே செய்தது. அந்தக் கம்பெனியின் பெயர் 2008-ல் மாறிவிட்டது. ஆனால் நம்முடைய பட்டறைகளில் "மைக்கோ பம்பு" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

அந்தப் பம்பின் வேலையைக் கணக்குப் பார்த்தால் பிரமிப்பு உண்டாகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும்போது, பம்பு நிமிஷத்துக்கு 3,000 தடவை எண்ணெய் பீச்ச வேண்டும். அதாவது வினாடிக்கு 50 தடவை. ஒவ்வொரு தடவையும் பீச்சுவது ஒரு சொட்டுக்கும் குறைவு. பீச்சும் வேகமோ, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தினால் உண்டாவது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. எண்ணெயை அமுக்கினால் அது சுருங்காது. அமுக்கிய அழுத்தம் முழுவதையும் இன்ஜெக்டரிடம் கொண்டு போய்ச் சேர்க்கும். காற்று அப்படியல்ல. எண்ணெய்க் குழாயில் கடுகளவு காற்றுக் குமிழி புகுந்தாலும், பம்பின் உதையை அது பஞ்சு மெத்தை மாதிரி வாங்கிக் கொண்டு சுருங்கிவிடும். இன்ஜெக்டர் திறக்காது. எஞ்சின் இருமும், நிற்கும். இதைத்தான் டிரைவர்கள் "ஏர் லாக்" என்கிறார்கள். எந்தக் காற்று இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் உயிர் வாழாதோ, அந்தக் காற்றே இடம் தவறி நுழைந்தால் அதன் உயிரை வாங்கிவிடுகிறது.

*

எங்கள் கிராமத்திலிருந்து ஐந்து மைலில், புளியமரத்தடியில் கொட்டகை போட்டுக் கொண்டு ஒரு வயதான மேஸ்திரி இருந்தார். டிராக்டரும் பம்புசெட்டுமே அவருக்கு அதிகப் பழக்கம். "எதற்கும் அவர் ஒரு தடவை பார்க்கட்டுமே" என்று தம்பியின் மனைவிதான் சொன்னாள். சாயங்காலம் போய் அழைத்து வந்தோம். வந்தவர் முன்மூடியைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார்.

"தம்பி, இது எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார்.

"இரண்டு மாசமாகவே கொஞ்சம் கொஞ்சம், அண்ணே. இப்போது அதிகமாகிவிட்டது."

"அதற்கு முன்னால் கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது?"

தம்பி யோசித்தான். "எஞ்சினில் ஒன்றும் இல்லை. டீசல் டாங்கியைத் தாங்கும் பட்டை விட்டுப் போயிற்று. டாங்கியைக் கழற்றிப் பட்டையைப் பற்ற வைத்து மறுபடி மாட்டினோம்."

"டாங்கி நிறைய இருக்கும்போது தொந்தரவு ஜாஸ்தியா, பாதிக்குக் கீழே போன பிறகு ஜாஸ்தியா?"

இந்தக் கேள்விக்குத் தம்பி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு முகத்தில் ஓர் ஆச்சரியக் குறியுடன், "நிறைய ஊற்றின அன்றைக்கு மேட்டில் ஏறிவிடுகிறது, அண்ணே! பாதிக்குக் கீழே இருந்தால்தான் நிற்கிறது" என்றான்.

மேஸ்திரி தலையை ஆட்டிக் கொண்டார். "இன்றைக்கு இனிமேல் எஞ்சினை எடுக்காதீர்கள். விடியற்காலம் நாலு மணிக்கு வருகிறேன். காய்ச்சல்காரனைக் காய்ச்சல் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று கேள்வியும் ஒரு டம்ளர் காப்பியும் தவிர அன்று வேறொன்றும் செலவாகவில்லை.

சொன்னபடி மறுநாள் நாலு மணிக்கு வந்தார். கூட ஒரு பையனும் வந்தான். தொழில் கற்றுக் கொள்கிறவன். நான் லாந்தர் பிடிக்காத குறையாகக் கைவிளக்கைப் பிடித்துக் கொண்டு நின்றேன். பரீட்சை ஆரம்பமாயிற்று. அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தைப் பையனுக்குச் சொல்லிக் கொண்டே செய்தபடியால் எனக்கும் பாடம் கிடைத்தது.

முதலில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாயிருந்ததே தவிரப் பாலும் தேநீரும் கலந்த நிறமாக இல்லை. "தண்ணீர் கலக்கவில்லை" என்றார். எஞ்சின் குளிர்ந்திருந்ததால் ரேடியேட்டர் மூடியைப் பயமின்றித் திறந்தார். எண்ணெய்ப் படலம் இல்லை. சூடாயிருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதைப் பையனுக்கு இரண்டு தடவை சொன்னார்.

பிறகு பம்பின் பக்கத்திலுள்ள சிறு கைப்பம்பைத் திருகிக் கழற்றி இருபது முப்பது தடவை அமுக்கினார். "இப்போது எடு, தம்பி." ஒரே சுற்றில் எஞ்சின் கிளம்பிவிட்டது!

"பார்த்தாயா?" என்றார் பையனிடம். "ரிங் தேய்ந்திருந்தால் காற்று அமுங்காது, சூடு பிறக்காது, கைப்பம்பை அமுக்கினால் ரிங் வளருமா? இராத்திரி முழுவதும் எண்ணெய் குழாயிலிருந்து பின்வாங்கி டாங்கிக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. கையால் எண்ணெயை முன்னே தள்ளினோம், கிளம்பிற்று."

எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போதே, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். ரிங் தேய்ந்த எஞ்சினில், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, இந்த வாயின் வழியாகப் புஸ் புஸ்ஸென்று வேகமாக வரும். இங்கே மெல்லிய ஆவி மாத்திரம் வந்தது. சைலன்ஸர்ப் புகையையும் காட்டினார். புகைக்கு மூன்று பாஷை உண்டாம். கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை என்றால் எஞ்சினுடைய மசகெண்ணெயே எரிகிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம். வெண்புகை என்றால் எரியாமல் வெளியேறும் டீசல், அல்லது நீராவி. பட்டறைக்காரர் வெள்ளையைக் கண்டு நீலத்துக்கு மருந்து எழுதிவிட்டார்!

அடுத்தாற்போல் எஞ்சினை நிறுத்தி, பில்ட்டரின் தலையிலுள்ள சிறு திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினார். எண்ணெய் தெளிவாக வரவில்லை. சோப்பு நுரை போல் வந்தது. பையன் "ஏர்!" என்று கத்தினான்.

"ஏர் என்பது உனக்கும் எனக்கும் நேற்றே தெரியும். எங்கேயிருந்து வருகிறது என்பதல்லவா கேள்வி?" என்றார் மேஸ்திரி.

அதற்கு அவர் செய்த பரீட்சை மிகவும் எளியது. ஐந்து லிட்டர் தகரத்தில் சுத்தமான டீசலை ஊற்றி, எஞ்சினுக்கு மேலாக உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். டாங்கியிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தகரத்திலிருந்து ஒரு புதுக் குழாயை மாட்டினார். காற்றைப் போக்கிவிட்டு எஞ்சினை எடுத்தார். பூக்கூடைகளை ஏற்றிக் கொண்டு, தகரத்தைப் பையன் பிடித்துக் கொள்ள, வண்டி கண்மாய்க்கரை மேட்டுக்குப் போயிற்று. எந்த மேட்டில் இரண்டு மாதமாக அவமானப்பட்டதோ, அந்த மேட்டில் இரைச்சல் மாறாமல் ஏறி அப்புறம் இறங்கிற்று. மேஸ்திரி இறங்கி நின்று, "பம்பிலிருந்து இந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. இனி டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் தேடினால் போதும்" என்றார். அன்றைக்கு அப்படியே சந்தைக்கும் போய், ஆறு மணிக்கெல்லாம் பூவை இறக்கியாயிற்று.

திரும்பி வந்ததும் வண்டிக்கடியில் கோணியை விரித்துப் படுத்தார். பதினைந்து நிமிஷத்தில் ஆசாமி அகப்பட்டான். டாங்கியிலிருந்து வரும் இரும்புக் குழாயையும் அடுத்த குழாயையும் இணைக்கும் சாணளவு ரப்பர்க் குழாய். டாங்கியைக் கழற்றி மாட்டியபோது பழைய ரப்பரையே முறுக்கி மாட்டியிருக்கிறார்கள். கிளாம்புக்கு அடியில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி லேசான ஈரத்தில் புழுதி ஒட்டியிருந்தது. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. எப்படி விழும்? அந்த இடத்தில் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. ஆகையால் எண்ணெய் வெளியே ஒழுகவில்லை. காற்றுத்தான் உள்ளே நுழைந்தது. டாங்கி நிறைந்திருந்தால் உறிஞ்சும் சிரமம் குறைவு. எண்ணெய் மட்டம் இறங்க இறங்க உறிஞ்சும் பலம் அதிகம். மேட்டில் எண்ணெய்ச் செலவு அதிகம். உறிஞ்சல் இன்னும் அதிகம். முந்தின நாள் திண்ணையில் கேட்ட மூன்று கேள்விக்கும் விடை அந்தச் சாணளவு ரப்பரிலே இருந்தது. புதுக் குழாயும் இரண்டு கிளாம்பும் 150 ரூபாய்க்கு உட்பட்டு அடங்கிவிட்டன.

*

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாயிருக்கும். ஆனால் பழைய வண்டிகள் கதைக்காக ஓடுவதில்லை. குழாய் மாற்றிய பிறகு மேடு ஏறிற்று, காலையில் கிளம்பிற்று, எனினும் நின்ற இடத்தில் ஓடும்போது நாலு அடிக்கு ஓர் அடி தப்பியது. வேகமாக முடுக்கினால் சிறிது கரும்புகையும் வந்தது. தெருவில் ஒருவர், "பார்த்தீர்களா, ரிங்தான்" என்றார்.

மேஸ்திரி பதற்றப்படவில்லை. "இரண்டு நோய் ஒரே சமயத்தில் வரக் கூடாதென்று சட்டம் இல்லையே" என்றார். நாலு இன்ஜெக்டருக்கும் போகும் குழாய்களின் திருகுகளை, துணியைச் சுற்றி, முகத்தைத் தூர வைத்துக் கொண்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்தி உடனே முடுக்கினார். பீச்சும் எண்ணெயின் எதிரே கையை நீட்டினால் அது தோலைத் துளைத்துக் கொண்டு உள்ளே போய்விடும். ஆதலால் இது தெரியாதவர்கள் செய்து பார்க்கிற வேடிக்கை அல்ல. முதல் திருகைத் தளர்த்தியபோது எஞ்சினுடைய குரல் தாழ்ந்தது. அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் அப்படியே. இரண்டாவதைத் தளர்த்தியபோது குரலில் ஒரு மாறுதலும் இல்லை. வேலை செய்யாதவன் விடுமுறை எடுத்தால் ஆபீஸுக்கு என்ன தெரியப் போகிறது?

அந்த இன்ஜெக்டரை மாத்திரம் கழற்றிப் பம்புக் கடைக்கு அனுப்பினார். அங்கே அதைச் சோதனை யந்திரத்தில் மாட்டி அமுக்கிப் பார்த்தார்கள். புகைபோல் தூவ வேண்டியது, குழந்தை வாயிலிருந்து பால் ஒழுகுவது போல் ஒழுகிற்று. நாசிலை மட்டும் மாற்றிக் கொண்டு வந்து பொருத்தினார். நாலு அடியும் ஒழுங்காக விழுந்தது, கரும்புகையும் அடங்கிற்று.

அவர் கைக்கொண்ட முறையை இப்போது நினைத்துப் பார்த்தால் அது மிகவும் சாதாரணமானது. செலவில்லாத கேள்வியை முதலில் கேட்பது; எட்டின இடத்தைப் பார்த்த பிறகு எட்டாத இடத்துக்குப் போவது; ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பலனைப் பார்ப்பது. இரண்டை ஒன்றாக மாற்றினால் குணம் வந்தாலும், எதனால் வந்தது என்பது தெரியாமற் போய்விடும். அடுத்த தடவை மறுபடியும் இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியதுதான்.

*

"இதெல்லாம் பழங்கதை, இக்காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டரே வியாதியைச் சொல்லிவிடுகிறதே?" என்று சில நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவம். அமெரிக்காவில் 1996-லிருந்து விற்கும் கார்களிலெல்லாம் வியாதியைக் குறிக்கும் எண்களைச் சொல்லும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. நம் தேசத்திலும், 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளுக்கு உட்பட்ட வண்டிகள் நுட்பமான மின்னணுக் கருவிகளை உடையவை. ஒரு சிறு பெட்டியை மாட்டினால் அதில் எண் தோன்றும். ஆனால் அந்த எண் வியாதியின் பெயர் அன்று. வலிக்கிற இடத்தின் பெயர். "எண்ணெய் அழுத்தம் குறைவு" என்று பெட்டி சொல்லும். அது பம்பினாலா, பில்ட்டரினாலா, வெடித்த குழாயினாலா, அல்லது அழுத்தத்தை அளக்கும் கருவியே பொய் சொல்கிறதா என்று ஒரு மனிதர் யோசித்துத்தான் ஆக வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் கருவியை மாற்றுகிறவருக்கும், புகையைப் பார்த்தவுடன் ரிங் என்றவருக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பழைய வண்டிகளை என்றென்றைக்கும் ஓட்ட வேண்டும் என்பதும் என் வாதமல்ல. கரும்புகை கக்கும் வண்டி, சொந்தக்காரனுக்குச் செலவு, ஊராருக்கு நோய். ஆயினும், ஓடத் தகுதியுள்ள ஒரு வண்டி, நோய் இன்னதென்று யாரும் பாராததனால் இரும்புக் கடைக்குப் போவது நியாயமாகாது.

*

கணக்குத் தீர்க்கும்போது நடந்த பேச்சைத்தான் நான் மறக்க முடியவில்லை. மேஸ்திரி சாமான்களின் விலையைச் சொன்னார். தம் கூலியாக 500 ரூபாய் போதும் என்றார். "ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறீர்கள்? தம்பிக்கு 80,000 ரூபாய் மிச்சப்படுத்தியிருக்கிறீர்களே!" என்றேன்.

அவர் சிரித்தார். "ஐயா, சாமான் மாற்றினால் ஜனங்கள் பணம் கொடுப்பார்கள். கழற்றின பழைய சாமானைச் சாக்கில் கட்டிக் கையில் கொடுத்தால் இன்னும் திருப்தியாகக் கொடுப்பார்கள். 'பார்த்தேன், யோசித்தேன், இது இல்லை, அதுவும் இல்லை என்று கண்டுபிடித்தேன்' என்றால் அதைச் சாக்கில் கட்டிக் கொடுக்க முடியவில்லையே! அதனால் எங்களில் பலபேர் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள். சாமான் மாற்றினால் பிழைப்பு நடக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை" என்றார்.

அவர் சொன்னது மோட்டாருக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பத்து நிமிஷம் நாடி பார்த்து, "உமக்கு மருந்தே வேண்டாம்" என்று சொல்லும் டாக்டரிடம் நாம் பீஸ் கொடுக்க முணுமுணுக்கிறோம். ஐந்து வகை மாத்திரை எழுதிக் கொடுத்தவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். சிந்தனைக்கு விலை இல்லை என்று தீர்மானித்த வாடிக்கைக்காரர்களுக்குச் சிந்தனை எப்படிக் கிடைக்கும்? சொந்தத் தேசத்தில் யந்திரங்களைச் செய்கிறோம் என்று பெருமைப்படுவது நியாயமே. அந்த யந்திரங்களின் பேச்சைக் கேட்டுப் புரிந்து கொள்ளும் மனிதர்களும் தேசத்தின் சொத்து என்பதை நினைத்தால் அந்தப் பெருமை முழுமை அடையும்.

தம்பி அன்று 2,000 ரூபாய் கொடுத்தான். "இது கூலி இல்லை, அண்ணே, யோசித்ததற்கு" என்றான். மேஸ்திரி முதலில் மறுத்தார். பிறகு அதில் 500 ரூபாயைப் பையன் கையில் கொடுத்தார். கைப்பம்பை எத்தனை தரம் அமுக்கினால் நுரை தெளியும் என்று அவனைக் கேட்டுக் கொண்டே நடந்து போனார்.

அதன் பிறகு தம்பி ஓர் ஏற்பாடு செய்தான். வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எண்ணெய் மாற்றிய தேதி, பில்ட்டர் மாற்றிய தேதி, எந்தத் திருகை யார் கழற்றினார்கள், எந்த இடத்தில் என்ன சத்தம் கேட்டது எல்லாம் அதில் எழுதியிருக்கும். பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நான் இதை மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தைவிட மலிவான உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. அடுத்த தடவை மேஸ்திரி வந்தபோது, முன்மூடியைத் தொடாமல் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கினாராம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, திண்ணையில் சாவதானமாக உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரையில் படித்தாராம்.